பல்பு எரிந்தால் போதுமா?

வீட்டு வயரிங்கில் இரண்டு கேள்விகள் உண்டு. செய்த வேலை ஓடுகிறதா என்பது ஒன்று. யாருக்கும் ஆபத்து இல்லாமல் ஓடுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வீட்டுக்காரரே பதில் சொல்லிவிடலாம்: சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது. இரண்டாவது கேள்விக்குக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல யாராலும் முடியாது. எத்தனை காலம் இந்தத் தொழிலில் பழகிய கையாக இருந்தாலும் முடியாது. அதற்கு அளக்கும் கருவி வேண்டும், அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அளந்ததற்குப் பொறுப்பேற்றுப் போடும் கையெழுத்து வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் உரிமம் என்கிறோம். கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம் என்று சாலையோரம் முழுக்கத் தோட்டங்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகிக்கொண்டிருக்கின்றன. வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட்டையும் கம்பியையும் டைல்ஸையும் விசாரித்து விசாரித்து வாங்குகிறார்கள். வயரிங் வேலைக்கு வருபவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டே ஆக வேண்டும் என்பதும், கேட்பதோடு நின்றுவிடக் கூடாது என்பதும்தான் இந்தத் தொழிலைச் செய்கிறவனாக நான் சொல்ல வருவது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி இதைச் சொன்னது. 2003-இல் புதிய மின்சாரச் சட்டம் வந்த பிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும், அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த விதிமுறைகளிலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. புதிதாக வயரிங் போடுவது, இருப்பதோடு சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், அனுமதி பெற்ற பணியாளர் கையால் நடக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை, வயரிங்கின் திறனும் தன்மையும் மாறாதபடி கழற்றி மாட்டுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே எரிந்துபோன சுவிட்சை மாற்றுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. குளியலறைக்குப் புதிதாக கீசர் லைன் இழுப்பதும், மாடியில் ஓர் அறை கட்டி அதற்குக் கீழ்வீட்டு போர்டிலிருந்து கரண்ட் எடுப்பதும் வேறு வகை வேலைகள். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளை வழங்குவது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், மின் கம்பியாள், மின் கம்பியாள் உதவியாளர் என்று படிகள் இருக்கின்றன. யார் எந்த வேலை வரைக்கும் செய்யலாம், யார் யாருக்குப் பொறுப்பு என்பதை இந்தப் படிகள் வரையறுக்கின்றன.

கொங்கு நாட்டில் இதற்கு வரும் முதல் மறுப்பு, காகிதத்தைவிடக் கைவேலை பெரிது என்பது. “சர்டிபிகேட்ட வெச்சுட்டு என்னங்க பண்றது, கையில வேலை இருக்கோணுமுங்க” என்று சொல்வார்கள். லேசாகத் தள்ளிவிடக் கூடிய மறுப்பு இல்லை இது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கி வந்தது. அதை நம்பி மில்கள் பெருகின. மில்களைச் சுற்றிப் பட்டறைகள் வந்தன. கிணறுகளில் மோட்டார்கள் ஏறின. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-இல் மின் மோட்டார் செய்தது இந்த ஊரில்தான். பட்டறையில் கூட நின்று பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவர்கள்தான் கோவையைத் தொழில் நகரமாக்கினார்கள். அவர்கள்மீது எனக்குள்ள மரியாதையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே பட்டறைகள் ஒரு மோட்டாரை எப்படி வெளியே அனுப்புகின்றன என்று பார்க்க வேண்டும். சுற்றிப் பார்த்து ஓடுகிறது என்றவுடன் பெட்டியில் கட்டிவிடுவதில்லை. சோதனை மேடையில் ஏற்றி, சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே இன்சுலேஷன் எவ்வளவு என்று அளந்து, ஹை வோல்டேஜ் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்த்து, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று குறித்த பிறகே அனுப்புகிறார்கள். பம்ப்செட்டுகளைச் சோதிப்பதற்கென்றே கோவையில் சிடார்க் என்ற ஆய்வு மையத்தைத் தொழில்முனைவோர் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். கைத்திறனையும் சோதனையையும் சேர்த்தே வளர்த்த ஊர் இது. சோதித்து அனுப்பிய மோட்டாரை வாங்கிவந்து, ஒரு தடவைகூடச் சோதிக்காத வயரிங்கில் மாட்டுவதற்கு இந்த ஊரின் மரபில் நியாயம் இல்லை.

அளக்காமல் தெரியாது என்பதற்கு எர்த்தைவிட நல்ல சான்று கிடையாது. கிரைண்டர், ஃப்ரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின் என்று உலோக உடம்புள்ள சாதனத்துக்குள் ஃபேஸ் கம்பியின் இன்சுலேஷன் விட்டுப்போய் அது உடம்பைத் தொட்டுவிட்டால், கரண்ட் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறங்குகிற கரண்ட் பெரிதாக இருந்தால் எம்.சி.பி. விழுந்து லைன் துண்டிக்கப்படும். ‘பெரிதாக இருந்தால்’ என்பதுதான் இதில் எல்லாம். ஒரு வீட்டின் எர்த் குழியில் 30 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 30-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏழரை ஆம்பியருக்குச் சற்றே மேல். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. நாள் முழுக்க ஓடினாலும் விழாது. அதாவது கிரைண்டரின் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நிற்கும்; டிபி என்கிற மின் பகிர்வுப் பெட்டியில் எல்லா எம்.சி.பி.யும் மேலேயே இருக்கும். கிரைண்டர் மாவு ஆட்டிக்கொண்டும் இருக்கும். மண்ணுக்குள் போகிற கரண்ட் மணிக்கு ஒன்றே முக்கால் யூனிட் வீதம் மீட்டரில் ஏறும். பில் வந்ததும் வீட்டுக்காரர் மீட்டரில்தான் கோளாறு என்று நினைப்பார். ஈரக் கையோடு தொடுகிற சாதனம் கிரைண்டர். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் இல்லாத சமையலறை இந்தப் பக்கம் அரிது என்பதால், இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்கு இல்லை.

இந்த நிலமும் நமக்குச் சாதகமாக இல்லை. மேற்கே மலை மறித்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழை இந்தச் சமவெளியில் குறைவாகவே விழுகிறது. கொஞ்சம் தோண்டினாலே சுக்கான் கல்லும் பாறையும் தட்டுகிற இடங்கள் நிறைய. காய்ந்த மண்ணும் பாறையும் கரண்டை எளிதில் வாங்குவதில்லை. எர்த் போடுவதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043, குழாய் எர்த் என்றால் 40 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டரை மீட்டர் நீளக் குழாயை மண்ணுக்குள் இறக்கச் சொல்கிறது. நான்கடி தோண்டியதும் பாறை வந்துவிட்டது என்று குழாயைப் பாதியில் அறுத்துப் புதைத்துவிட்டால், மேலே பார்ப்பவருக்கு இரண்டு குழிகளும் ஒன்றுபோலவே தெரியும். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய குழி ஐப்பசியில் ஓர் அளவு காட்டும், சித்திரையில் இன்னோர் அளவு காட்டும். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய் இருந்த வரைக்கும் அது ஓரளவு வேலை செய்தது. பிறகு பிளம்பர் வந்து பி.வி.சி. குழாய் மாற்றிய அன்றே அந்த வீட்டின் எர்த் போய்விட்டது. அன்று இரவும் எல்லா விளக்கும் எரிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஊர் வழக்கில் ஒரு சோதனை உண்டு. ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, ஒரு கம்பியை ஃபேஸிலும் இன்னொரு கம்பியை எர்த்திலும் வைப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் “எர்த் நல்லா இருக்குதுங்க” என்று முடித்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது என்பது புரியும். எரிகிற 100 வாட் பல்பின் தடை சுமார் 530 ஓம். எர்த் குழியின் தடை 30 ஓம் என்றால் பல்புக்கு 218 வோல்ட் கிடைக்கும். 100 ஓம் என்றாலும் 193 வோல்ட் கிடைக்கும். ஆபத்தான எர்த்திலும் பல்பு எரியத்தான் செய்யும். இதில் இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. எர்த் கம்பி குழிக்குப் போகிற வழியில் அறுந்திருந்தால், இந்தச் சோதனை செய்கிற நேரம் முழுக்க, பல்பு வழியாக வருகிற ஃபேஸ் வீட்டில் எர்த் கொடுத்த எல்லாச் சாதனங்களின் உடம்பிலும் ஏறி நிற்கும். பல்பு எரியவில்லையே என்று இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே யாராவது ஃப்ரிட்ஜைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டெஸ்டரும் அப்படித்தான், ஃபேஸ் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எர்த் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால் ஓம் கணக்கில் ஓர் எண் வரும். அந்த எண்தான் பதில்.

மனித உடம்பின் கணக்கும் இதோடு சேர்ந்தது. ஒரு மில்லி ஆம்பியர் கரண்ட் போனால் சுள்ளென்று தெரியும். பத்து மில்லி ஆம்பியரை ஒட்டிப் போனால் தசைகள் இறுகிப் பிடித்த கையை விட முடியாது; ‘கரண்ட் பிடித்துக்கொண்டது’ என்பது இதைத்தான். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, நேரமும் நீடித்தால் இதயத் துடிப்பு நிலைகுலையும். வீட்டில் இருக்கிற சிறிய எம்.சி.பி. பெரும்பாலும் 6 ஆம்பியர். அது 30 மில்லி ஆம்பியரைப் போல 200 மடங்கு. ஆகவே எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றும் கருவி இல்லை. கம்பி சூடேறாமல் காப்பாற்றும் கருவி. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற உயிர் காக்கும் சாதனம். ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், கண் இமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடும். எர்த் தடை 1,000 ஓம் இருந்தாலும் 230 மில்லி ஆம்பியர் கசிந்து அது விழுந்துவிடும் என்பதால், நம்முடைய காய்ந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பாதுகாப்பு இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அப்படியானால் ஆர்.சி.சி.பி. ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதாதா, வேலையை யார் செய்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது. முதலாவது, அந்தச் சாதனத்துக்கு எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பட்டால், போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் அது விழாது. லூஸ் ஜாயின்ட்டில் உண்டாகும் சூடும் அதற்குத் தெரியாது. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதைக் கொடுத்தால், சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றி 32 மாட்டிவிட்டால், சுவருக்குள் பைப்பில் கம்பி வெந்துகொண்டிருப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. இரண்டாவது, வயரிங் ஒழுங்காக இல்லாத வீட்டில் ஆர்.சி.சி.பி. நிலைக்காது. இன்வெர்ட்டர் வைக்கிறபோது இதை அடிக்கடி பார்க்கலாம். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் லைனின் நியூட்ரலையும் ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸில் ஒன்றாக முறுக்கிவிடுவார்கள். போன கரண்ட் ஒரு வழியிலும் வரும் கரண்ட் வேறு வழியிலும் பிரிவதால், கசிவு இருப்பதாக நினைத்து ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். காரணம் தெரிந்தவர் ஒவ்வொரு லைனாகப் பிரித்து, நியூட்ரல் கலந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வார். தெரியாதவர் “இது சும்மா சும்மா விழுகுதுங்க” என்று சொல்லி, சாதனத்தைத் தாண்டி ஒரு கம்பியை டைரக்டாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். போர்டில் சாதனம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. கருவி தன் வேலையைச் செய்வதற்கே அதைப் புரிந்த ஆள் வேண்டும்.

“எங்கப்பன் காலத்துலிருந்து இப்படித்தானுங்க இருக்குது, ஒண்ணும் ஆகல” என்பது இன்னொரு மறுப்பு. அப்பா காலத்தில் அந்த வீட்டில் நான்கு விளக்கும் ஒரு ஃபேனும் ஒரு ரேடியோவும் இருந்தன. இன்றைக்கு அதே கம்பியில் ஃப்ரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், கீசர், ஏ.சி., இன்வெர்ட்டர், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. வாசலில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறுகிறது. மாடியில் சோலார் பேனல் வந்துவிட்டது. லோடு மாறிவிட்டது, கம்பி மாறவில்லை. அதோடு, மின் விபத்து பெரும்பாலும் இரண்டு குறைகள் ஒரே நேரத்தில் சேரும்போதுதான் நடக்கிறது. எர்த் இல்லாதது ஒரு குறை. அது மட்டும் இருந்தால் வருடக்கணக்கில் எதுவும் நடக்காது. கீசருக்குள் காயில் பழுதாகும் நாள் இரண்டாவது குறை. இரண்டும் சேர்ந்த நாளில் யார் ஈர உடம்போடு நிற்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். இதுவரை எதுவும் நடக்கவில்லை என்பது, இரண்டாவது குறை இன்னும் வரவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். இதில் வீடும் உண்டு, வயலும் உண்டு, மின்கம்பமும் உண்டு. ஆனால் இறந்தவர்களில் பலர் தொட்ட பொருள், முந்தின நாள் வரைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

செலவு கூடும் என்பதும் உண்மை. அளப்பதற்கு நேரமாகும், கருவிக்கு விலை உண்டு, சரியான கம்பி போட்டால் காசு கூடும். ஆனால் குறைந்த ரேட் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். நம் பக்கம் வயரிங் பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில் அல்லது சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. விளக்குக்கு ஒரு பாயிண்ட், ஃபேனுக்கு ஒரு பாயிண்ட், பிளக்குக்கு ஒரு பாயிண்ட். எரிகிற பாயிண்ட்டுக்குத்தான் கூலி. எர்த் தொடர்ச்சிக்கும் ஜாயின்ட்டின் இறுக்கத்துக்கும் தனிக் கூலி கிடையாது. ரேட்டை அடித்துப் பேசினால், குறைவது வெளியே தெரியாத இடத்தில்தான் குறையும். எர்த்துக்கான பச்சைக் கம்பி சில பிளக்குகளோடு நின்றுவிடும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி போட வேண்டிய இடத்தில் ஒன்றரை போகும். ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றியதோடு முடியும். சுவிட்ச் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலை அறுத்துக்கொண்டிருக்கும்; விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். காடி அடைத்துப் பூசி, பெயின்ட் அடித்த பிறகு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் திருத்த வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும். மொத்த வீட்டுச் செலவில் வயரிங் ஒரு சிறு பங்கு. அதிலும் சோதனைக்கு ஆகிற செலவு மிகச் சிறியது. அதில் மிச்சம் பிடிப்பதற்கு அர்த்தமே இல்லை.

மறுப்புகளிலேயே கனமானது, உரிமம் வெறும் கையெழுத்தாகிவிட்டது என்பதுதான். புதிய மின் இணைப்புக்கு வயரிங் முடிந்ததற்கான டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். வேலை ஒருவர் செய்ய, அந்த வீட்டைப் பார்த்தே இராத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது நடக்கிறது. இதை மறைத்துப் பேசினால் இந்தக் கட்டுரைக்கே பயனில்லை. உரிமம் இருந்தும் ஆபத்தான வீடுகள் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு உரிமமே வேண்டாம் என்பது அல்ல. டெஸ்ட் ரிப்போர்ட்டை அலுவலகத்துக்கான காகிதமாகப் பார்க்காமல், வீட்டுக்காரர் தனக்கான காகிதமாகப் பார்க்க வேண்டும் என்பதே சரியான முடிவு. மெகர் வைத்து 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் அளப்பதை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். எர்த் டெஸ்டர் என்ன எண் காட்டியது, ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் தொடர்ச்சி இருக்கிறதா, சுவிட்ச் எல்லாம் ஃபேஸில்தான் இருக்கின்றனவா, ஆர்.சி.சி.பி. விழுந்ததா என்று கேட்டு எழுதி வாங்கலாம். இந்த எண்களைக் கேட்கிற வீட்டில், வராமல் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்தின் மதிப்பை மீட்டுக் கொடுக்கும் வலிமை வாரியத்தைவிட வீட்டுக்காரரிடம் அதிகம் இருக்கிறது. கூலி கொடுப்பவர் அவர்தான்.

உரிமம் இல்லாமல் நன்றாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பிழைப்பு என்னாவது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்களை ஒதுக்கிவிடுவதற்காக நான் இதை எழுதவில்லை. பார்த்துக் கற்றவர்களுக்காகவே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வயரிங் வேலை செய்த அனுபவம் உள்ள, 21 வயது நிறைந்தவர்கள் மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். அரசு ஐ.டி.ஐ.களில் இந்தத் தேர்வு நடக்கிறது. காரமடைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் சாலையிலேயே ஜி.என். மில்ஸில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.  சான்று வாங்கினால் அந்த ஆளுக்கும் பாதுகாப்பு: அவர் செய்யாத தவறு அவர் தலையில் விழாது, செய்த வேலைக்குப் பேசிய கூலியை நிமிர்ந்து கேட்கலாம். கரண்டோடு மோதுகிற முதல் ஆள் இவர்தான். லைனை நிறுத்தி, கரண்ட் இல்லை என்று உறுதிசெய்து, பிறகு தொடுகிற பழக்கத்தைப் பயிற்சி கொடுக்கிறது, அவசரம் கொடுப்பதில்லை.

வெளிநாடுகளும் இதே பாடத்தை விலை கொடுத்துத்தான் கற்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-இல் கட்டட விதிகளில் வீட்டு மின்பணிக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முக்கியமான வேலைகளைப் பதிவு பெற்ற ஆள் செய்து சான்று கொடுக்க வேண்டும், அல்லது உள்ளாட்சி அலுவலகம் பரிசோதிக்க வேண்டும். வீட்டை விற்கும்போது அந்தச் சான்றை வாங்குபவர் கேட்பதால் வீட்டுக்காரர்கள் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவில் சுவருக்குள் போகும் வயரிங்கை உரிமம் உள்ளவர் மட்டுமே தொடலாம். ஆனால் 2009-10-இல் அங்கே வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு போடும் அரசுத் திட்டத்தை, மின்சாரம் பற்றிப் போதிய பயிற்சி இல்லாத இளைஞர்களை வைத்து அவசரமாக ஓட்டியபோது நான்கு பேர் இறந்தார்கள். அதில் மூவர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் காப்பாற்றாது, ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கேட்டு நடத்த வேண்டும் என்பதற்கு இது சான்று.

கேட்டு நடத்துவது எளிது. வேலை பேசும்போதே ஒப்பந்ததாரரின் உரிமத்தையும், வந்து வேலை செய்கிறவரின் சான்றையும் பாருங்கள். அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று தேதியைப் பாருங்கள். எந்த லைனுக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் கம்பி, எர்த் குழி எத்தனை, ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியர் என்று பேச்சோடு பேச்சாக எழுதி வாங்குங்கள். பூச்சு வேலைக்கு முன்னால் பைப் ஓடும் சுவர்களை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது அது உதவும். வேலை முடிந்ததும் அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த எண்களை டிபி-யின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பழைய வீட்டில் இருப்பவர்கள் கோடையில் ஒரு தடவை எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்த மாதமே போடுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிகிறது என்பதை வைத்து வீடு பத்திரம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருகிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.